பித்தப்பைக் கல்: மலையில் இருப்பவர்கள் எதில் அவசரப்படக் கூடாது, எதைத் தள்ளிப்போடக் கூடாது

வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போயிருப்போம். ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கும்: பித்தப்பையில் கற்கள், பெரியது 8 மி.மீ. அன்றைக்கே தூக்கம் போய்விடும். சிலர் அடுத்த வாரமே கோவைக்கு இறங்கிப் பையை எடுத்துவிடத் துடிக்கிறார்கள். சிலர் ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இரண்டுமே தவறாகிவிடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கல் இதுவரை வலி கொடுத்திருக்கிறதா என்பதைத்தான். சத்தமில்லாமல் கிடக்கும் கல், ஆண்டுக்கு நூற்றில் ஓரிருவருக்குத்தான் தொல்லை கொடுக்கத் தொடங்கும். வலியே இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டாம். சர்க்கரை நோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எடுக்கவும் வேண்டியதில்லை. 3 செ.மீ.க்கு மேல் பெரிய கல், 10 மி.மீ.யைத் தொட்ட பாலிப் (பையின் உட்சுவரில் வளரும் சிறு சதை), சுவரில் சுண்ணாம்பு படிந்த பை என்றால் மட்டும் வலி இல்லாவிட்டாலும் சர்ஜனைப் பார்த்துவிடுங்கள். புற்றுநோய் அபாயத்தையும் அங்கே கணக்கில் எடுக்க வேண்டும்.

நீலகிரிக்கு இன்னொன்றும் உண்டு. 1952லேயே இங்குள்ள பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் கோளாறு (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) பதிவாகியிருக்கிறது. அதனால் ரத்தசோகை உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைவதால் சிறு வயதிலேயே பித்தப்பையில் கல் சேரும். இந்த நோய் திடீரென்று தீவிரமாகும்போது வரும் வயிற்றுவலியும் கல்வலியும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே அரிவாள் செல் இருப்பதை சர்ஜனிடமும் மயக்க மருத்துவரிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். உடம்பில் நீர் குறையாமல், குளிர் படாமல், ஆக்சிஜன் குறையாமல் பார்த்துக்கொள்ள அவர்கள் தனியாக ஏற்பாடு செய்வார்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது, வலி வந்தும் "வாயுதான், குளிருக்குப் பிடிச்சிருக்கு" என்று ஓமத்தண்ணீர் குடித்துப் படுத்துவிடுகிறவர்களைப் பற்றித்தான். கல்வலிக்கு ஒரு போக்கு உண்டு. பெரும்பாலும் எண்ணெய் மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு, நடு இரவில் வரும். மேல்வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழேயோ பிடிக்கும். முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ ஏறும். எப்படிப் புரண்டு படுத்தாலும் விடாது. அரை மணியிலிருந்து சில மணி நேரம் நின்று, தானாக அடங்கிவிடும். அடங்கியதும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மாரடைப்பும் இப்படியே வேஷம் போடும் என்பதால் ஈ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும். மாறாக, வெறும் ஏப்பமும் உப்புசமும் மட்டும் இருந்தால், பையை எடுத்த பிறகும் அவை அப்படியே இருக்கலாம்.

ஒரு தடவை அப்படி வலித்துவிட்டால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். மலையில் இருப்பவர்களுக்கு இது தனிக் கணக்கு. கூடலூரிலிருந்து ஊட்டி 50 கி.மீ., அதுவும் கொண்டை ஊசி வளைவுகளில். முதுமலை வழியாக மைசூர் போகலாம் என்றால் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை சாதாரண வண்டிகளுக்கு மூடியிருக்கும். ஐப்பசி மழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது. கொடைக்கானல்காரர்களுக்கும் நள்ளிரவில் வத்தலக்குண்டுக்கு இறங்குவது லேசான காரியமில்லை. அதனால் வலி வந்தவர்கள் மழைக்கு முன்பே, உடம்பு நன்றாக இருக்கும்போதே நாள் குறித்துக்கொள்வது நல்லது.

வாழைத்தண்டுச் சாற்றால் இந்தக் கல் வெளியேறாது. பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பே இல்லை. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் குடித்த மறுநாள் பச்சையாக விழும் உருண்டைகள், அந்த எண்ணெயே குடலில் சோப்பாகத் திரண்டவை. கல்லைக் கரைக்கும் மாத்திரை உண்டு, ஆனால் சிறிய கொழுப்புக் கற்களுக்குத்தான்; மாதக்கணக்கில் சாப்பிட்டுக் கரைந்தாலும் பலருக்குத் திரும்ப உருவாகும். கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கக் கேட்பதும் இதனால்தான் வீண்.

வலியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், கண்ணில் மஞ்சள், தேநீர் நிறத்தில் சிறுநீர் என்று எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். கல் பித்தக் குழாயில் இறங்கி அடைத்திருக்கலாம், கணையம் வீங்கியிருக்கலாம். பை வீங்கிச் சேர்க்கப்பட்டவர்கள் "வீக்கம் ஆறட்டும், ஒன்றரை மாசம் கழிச்சுப் பார்க்கலாம்" என்று கிளம்பிவிடுவதும் தவறு. உடல்நிலை இடம் கொடுத்தால், சில நாட்களுக்குள் அதே அட்மிஷனிலேயே எடுப்பதுதான் இன்றைய நடைமுறை.

சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள்: குழாயில் கல் இல்லை என்று பார்த்துவிட்டீர்களா? பித்தக் குழாயில் காயம் பட்டால் இங்கேயே சரிசெய்ய முடியுமா? இது அரிது, ஆனால் நேர்ந்தால் பெரிய தொல்லை. லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) தொடங்கி நடுவில் வயிற்றைத் திறக்க நேர்ந்தால், பாதுகாப்புக்காக எடுத்த முடிவு என்று புரிந்துகொள்ளுங்கள்.

பை இல்லாமல் சாப்பிட முடியாது என்பது வீண் பயம். பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், அது நேராகக் குடலுக்குப் போய்விடும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகும், அவ்வளவுதான். தேயிலை மூட்டை தூக்குகிறவர்கள் மட்டும் சர்ஜன் சொல்லும்வரை பாரம் தொடக் கூடாது. அப்புறம், எடுத்த பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தையல் ஆறியதும் மலையேறிவிட்டு அந்த ரிப்போர்ட்டை வாங்காமலே விட்டவர்கள் நிறைய. நேரில் போக முடியாவிட்டால் ஃபோனில் கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது வாங்கி டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.