முடி கொட்டினால் வீட்டைச் சந்தேகிப்பதற்கு முன்

தலைக்குக் குளித்துவிட்டுப் பார்த்தால் தண்ணீர் போகும் துளையை அடைத்துக்கொண்டு ஒரு கைப்பிடி முடி. தலையணையில், சீப்பில், சட்டைக் காலரில் எல்லாம் முடி. எனக்கு இப்படி ஆனபோது முதல் சந்தேகம் இரண்டு வாரத்துக்கு முன் சுவருக்கு அடித்த பெயின்ட் மேல். அடுத்து பூச்சி மருந்து, அப்புறம் குழாய்த் தண்ணீர். வாடை அடித்த எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியே வைத்தேன். தண்ணீருக்கு வடிகட்டியும் வந்தது. முடி அதுபாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருந்தது.

தோல் மருத்துவர் பெயின்ட் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூணு மாசத்துக்கு முன்னாடி உடம்புக்கு என்ன ஆச்சு?" என்றார். காய்ச்சல். ஒரு வாரம் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தேன், அதையே மறந்துபோயிருந்தேன்.

முடி இந்த வாரம் கொட்டுகிறது என்பதால் காரணத்தையும் இந்த வாரத்தில் தேடுவதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு. தலையில் இருக்கும் முடியில் 85 முதல் 90 சதவீதம் எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். மீதி ஓய்வில் இருக்கும். கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது, சில மருந்துகள் என உடம்புக்கு ஓர் அதிர்ச்சி வந்தால் வளரும் முடியில் பெரும்பங்கு ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடுகிறது. போன உடனே அது விழுவதில்லை. இரண்டு மூன்று மாதம் வேரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் உதிரும். ஆகவே வீட்டைப் புரட்டுவதற்கு முன் காலண்டரைப் புரட்டுங்கள்.

விழுந்த முடி ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளை முடிச்சு இருந்தால், அது ஓய்வுக் காலம் முடிந்து வேரிலிருந்து கழன்ற முடி. முடிச்சே இல்லாமல், துண்டு துண்டாக இருந்தால் அது நடுவில் முறிந்த முடி. அதற்குக் காரணம் பெரும்பாலும் சாயம், சூடு, முடியை நேராக்கும் ரசாயனம். இரண்டும் வெவ்வேறு வியாதி. இரண்டையும் "கொட்டுது" என்று ஒரே சொல்லில் சொல்வதால்தான் குழப்பமே. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சகஜம் என்பதும், நாலு நாள் கழித்துத் தலைக்குக் குளித்தால் நாலு நாள் கணக்கும் ஒன்றாக வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்படியானால் விஷத்தால் முடி கொட்டவே கொட்டாதா? கொட்டும். ஆனால் முடி மட்டும் கொட்டிவிட்டு மற்றதெல்லாம் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இரண்டாவது தவறு. தாலியம் என்ற நச்சு உலோகம் நல்ல உதாரணம். நிறமோ சுவையோ இல்லாத இதன் உப்புகளை ஒரு காலத்தில் எலி மருந்தாக விற்றார்கள்; பிறகு பல நாடுகள் தடை செய்தன. குழந்தைகளின் தலைப் படர்தாமரைக்கு முடியை உதிர்க்கவே இதை மருந்தாகக் கொடுத்த காலமும் உண்டு, நினைத்தாலே பகீரென்கிறது. இது உடம்பில் ஏறினால் இரண்டு மூன்று வாரத்தில் முடி கொத்துக் கொத்தாக வரும். அதற்கு முன்பே வயிற்று வலியும், போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாத பாத எரிச்சலும் வந்துவிடும். பிறகு நகத்தில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் தெரியும். இந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால் தோல் மருத்துவரிடம் அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ரத்தத்திலும் சிறுநீரிலும் தாலியத்தை அளக்க முடியும், பிரஷ்யன் ப்ளூ என்ற முறிவு மருந்தும் இருக்கிறது.

எல்லோரும் சுவரையும் தண்ணீரையும் முறைத்துப் பார்க்கிறார்கள், மாத்திரை டப்பாவை யாரும் பார்ப்பதில்லை. 2008-இல் அமெரிக்காவில் ஒரு சத்து திரவத்தில் 200 மைக்ரோகிராம் இருக்க வேண்டிய செலினியம் என்ற தாதுச்சத்து, தயாரிப்புப் பிழையால் ஒரு நாள் அளவுக்கு 40,800 மைக்ரோகிராம் இருந்தது. 10 மாநிலங்களில் 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு முடி கொட்டியது. செலினியம் மிஞ்சினால் நகம் நொறுங்கும், மூச்சில் பூண்டு வாடை வரும். வைட்டமின் ஏ அளவு மீறினாலும் முடி உதிரும். முடி வளரட்டும் என்று விழுங்குகிற மாத்திரையே முடியைக் கொட்ட வைக்கலாம். தோலை வெளுக்க வைக்கும் சில கிரீம்களில் பாதரசம் இருப்பதுண்டு. முடியைவிட முதலில் கவலைப்பட வேண்டியது சிறுநீரகத்தைப் பற்றி.

சுவரில் படரும் பூஞ்சையும் புதுப் பெயின்டும் இருமல், தலைவலி, மூச்சிரைப்பு தரலாம். வேரோடு முடி கொட்ட வைப்பதற்கு உறுதியான சான்று இல்லை. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், அவ்வளவுதான்.

சந்தேகம் வந்த பிறகு செய்யும் தவறுகள்தான் பணத்தையும் சில சமயம் உயிரையும் வாங்குபவை. முடியை வெட்டித் தபாலில் அனுப்பினால் இத்தனை உலோகம் இருக்கிறது என்று வண்ணப் பட்டியல் அனுப்பும் ஆய்வகங்கள் உண்டு. 2001-இல் ஒரே ஆரோக்கியமான நபரின் முடியைப் பிரித்து ஆறு ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஷாம்பூவும் சாயமும் முடிமேல் படிந்தாலே கணக்கு மாறிவிடும். உலோகத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டு அதன்பின் சிறுநீரை அளப்பது இன்னொரு வித்தை. மருந்து இழுத்தால் யாருக்குமே அளவு ஏறத்தான் செய்யும். அதை நம்பி "நச்சு நீக்க" சிகிச்சைக்குப் போகாதீர்கள். 2003-க்கும் 2005-க்கும் இடையில் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சையின்போது ரத்தத்தில் கால்சியம் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள், இருவர் குழந்தைகள்.

முதலில் கேட்க வேண்டியது சாதாரண ரத்தப் பரிசோதனை: ரத்த அணுக்கள், ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டுவது), தைராய்டு. முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லி முன்கூட்டியே நிறுத்த வேண்டும். அது தைராய்டு முடிவையே புரட்டிவிடும். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோல் சிவந்து வலித்தாலோ தாமதிக்க வேண்டாம். வேரே அழிந்துவிட்டால் முடி திரும்பாது.

வீட்டில் ஒரு பொருளின்மேல் நியாயமான சந்தேகம் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கி எறியாதீர்கள், நான் செய்ததுபோல. டப்பாவை மூடி, தேதி எழுதி, கைக்கெட்டாத இடத்தில் வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அதே வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும், நாய் பூனைக்கும் ஏதாவது அறிகுறி உண்டா என்று பாருங்கள்.

எனக்கு நாலைந்து மாதத்தில் நெற்றி ஓரத்தில் குட்டை குட்டையாய்ப் புது முடி முளைத்து நட்டுக்கொண்டு நின்றது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தானே வளரும். அதெல்லாம் தண்ணீர் வடிகட்டி வாங்கினதால்தான் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.