வேலை இடைவெளியை மறைக்காதீர்கள்

குழந்தை வளர்ப்பு, பெற்றோரைக் கவனித்தல், உடல்நலம் என்று ஏதோ காரணத்தால் சில வருடம் வேலையை விட்டவர்கள், திரும்பி வரும்போது தகுதிக்குக் குறைவான வேலையிலேயே மாட்டிக்கொள்வது வருத்தமாக இருக்கிறது. பலர் இடைவெளியை மறைக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். 'குடும்பப் பொறுப்புக்காக இடைவெளி, 2021–2024' என்று ரெஸ்யூமில் மற்ற வேலைகளைப் போலவே தேதியோடு ஒரே வரியில் எழுதுங்கள். லிங்க்ட்இன் தளத்தில் 2022 முதல் இதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அந்த நாட்களில் படித்த கோர்ஸ், பகுதிநேரமாகச் செய்த வேலை எதுவானாலும் அதன் கீழேயே சேர்க்கலாம். நேர்காணலில் கேட்டால் இரண்டு வாக்கியம் போதும்; மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், முன்பு உங்களோடு வேலை செய்தவர்களிடம் பேசுங்கள். உங்கள் திறமையை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்தான். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள். எந்த நிறுவனம், எந்தப் பதவி என்று குறிப்பிட்டு, பரிந்துரைக்க முடியுமா என்று கேளுங்கள்.

'ரிட்டர்ன்ஷிப்' என்றும் தேடிப் பாருங்கள். இடைவெளிக்குப் பின் வருபவர்களுக்கான, சம்பளத்தோடு கூடிய சில மாதப் பணி இது. அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ் இதை 2008-ல் தொடங்கியது; இப்போது பல பெரிய நிறுவனங்களில் உண்டு. முடிவில் நிரந்தர வேலை கட்டாயம் கிடைக்கும் என்றில்லை. அதனால் சென்ற முறை எத்தனை பேரை எடுத்துக்கொண்டார்கள் என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே குறைந்த சம்பளத்தில் சேர்ந்துவிட்டீர்களா? சரி, அங்கிருந்தபடியே தேடுங்கள். அடுத்த இடத்தில் இப்போதைய சம்பளத்தை வைத்துப் பேசாமல், அந்தப் பதவிக்கு மற்றவர்கள் வாங்குவதை விசாரித்து அதைக் கேளுங்கள்.