காயலான் கடை 486-க்கு உயிர் குடுக்குறது எப்படி

காயலான் கடையிலயோ சொந்தக்காரங்க வீட்டுப் பரண்லயோ ஒரு பழைய 486 கம்ப்யூட்டர் (486 ப்ராசஸர் போட்ட தொண்ணூறுகள் காலத்துப் பெட்டி) மாட்டுச்சுன்னா கை பரபரன்னு இருக்கும், வீட்டுக்கு வந்ததும் பிளக்கைச் சொருகி ஆன் பண்ணிப் பாக்கணும்னு தோணும், தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. முப்பது வருஷம் தூங்கின பெட்டி, இன்னும் ரெண்டு நாள் தூங்கினா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. மொதல்ல மூடியக் கழட்டுங்க.

தேடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. காயலான் கடையில போர்டு எல்லாம் எடைக்குதான் போகும், அதுலயும் பழைய செராமிக் ப்ராசஸர்ல தங்கம் இருக்குன்னு அதைப் புடுங்கித் தனியா வித்துடுவாங்க, அதனால "சிப்பு புடுங்காத போர்டு வந்தா எடுத்து வைங்கண்ணே"ன்னு முன்கூட்டியே சொல்லி வைக்கணும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சால்டரிங் வயர், ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், போர்டு துடைக்க), கேபிள்னு ரிப்பேர் சாமான் எல்லாம் கிடைக்கும். பென்டியம் 4 இன்னும் நிறையவே கிடைக்குது, ஆனா அந்தக் காலத்து போர்டுல கெப்பாசிட்டர் தலை உப்பி நிக்கிற கதை ஜாஸ்தி. விண்டோஸுக்கு முந்தின டாஸ் கேம் விளையாடணும், ஐஎஸ்ஏங்கிற பழைய ஸ்லாட்டுக்கான சவுண்ட் கார்டு போடணும்னா என் ஓட்டு 486-க்குதான், 1992-ல வந்த டிஎக்ஸ்2-66 (66 மெகாஹெர்ட்ஸ் 486 சிப்பு) கிடைச்சா விடாதீங்க.

மூடியக் கழட்டியாச்சா, இப்போ மதர்போர்டுல கீபோர்டு சாக்கெட் பக்கமா பாருங்க. நீலத்துலயோ பச்சையிலயோ சின்ன பீப்பா மாதிரி ஒண்ணு சால்டர் பண்ணிருக்கும், அதான் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி, டேட்டும் பயாஸ் (ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற புரோகிராம்) செட்டிங்கும் மறக்காம இருக்க வெச்சது. இந்தப் பெட்டிகளுக்கு முதல் எமன் இதுதான். வருஷக்கணக்குல சும்மா கெடந்தா உள்ள இருக்குற காரம் கசிஞ்சு பக்கத்துல இருக்குற செம்பு ட்ராக்கை எல்லாம் தின்னுடும், பாத்தா கழுவாத குத்துவிளக்கு மாதிரி பச்சையா களிம்பு ஏறி நிக்கும். கசியலன்னாலும் வெட்டி எடுத்துடுங்க, இன்னைக்கு கசியாதது அடுத்த மழைக்குக் கசியும்.

க்ளவுஸ் போட்டுக்கிட்டு கட்டர்ல ரெண்டு காலையும் வெட்டுங்க. கசிஞ்சது காரம், அதனால அதை முறிக்கப் புளிப்பு வேணும், செம்புப் பாத்திரத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கிற அதே கதைதான், ஆனா இங்க வெள்ளை வினிகர். பழைய டூத் பிரஷ்ல தொட்டு அந்த இடத்துல மட்டும் மெதுவா தேய்ச்சா லேசா நுரைக்கும், நுரை நின்னதும் தண்ணியில துடைச்சு, அப்புறம் ஐபிஏ போட்டுத் துடைச்சு ஒரு நாள் முழுக்கக் காய விடுங்க. காஞ்சதும் மல்டிமீட்டரை பீப் மோடுல வெச்சு ஒவ்வொரு ட்ராக்கா ரெண்டு முனையையும் தொட்டுப் பாருங்க, பீப் வரலன்னா அந்த ட்ராக் போச்சு, மெல்லிசான வயர் ஒண்ணை மேலாப்புல சால்டர் பண்ணிடலாம். எனக்கு ஒரு போர்டுல கீபோர்டு மட்டும் வேலை செய்யல, சிப்பைத்தான் சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்தேன், கடைசியில பாத்தா முடி மாதிரி ஒரே ஒரு ட்ராக் அறுந்து கெடந்துச்சு. புது பேட்டரிக்கு சிஆர்2032 ஹோல்டர் போதும், ஆனா நடுவுல கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற டயோடு ஒண்ணு கட்டாயம், ஏன்னா போர்டு பழைய பேட்டரின்னு நெனச்சு சார்ஜ் ஏத்தும், காயின் செல் அதைத் தாங்காது.

அடுத்து பவர் சப்ளை. பழைய ஏடி டைப்ல 230 வோல்ட் வயரு நேரா முன்னாடி இருக்குற சுவிட்ச் வரைக்கும் வரும், பிளக்கைப் புடுங்காம அந்தப் பக்கம் கையை வைக்காதீங்க. போர்டுக்குப் போறது ரெண்டு தனித்தனி கனெக்டர், பி8, பி9. மாத்திச் சொருகினாலும் உள்ள போயிடும்கிறதுதான் கொடுமை. ரெண்டுலயும் இருக்குற கருப்பு வயருங்க நடுவுல ஒண்ணா ஒட்டி நிக்கணும், அவ்வளவுதான் கணக்கு. என்னோட முதல் போர்டை இதை மாத்திச் சொருகித்தான் கொளுத்தினேன், அந்த வாசனை இன்னும் மூக்குல இருக்கு. போர்டுல மாட்டுறதுக்கு முன்னாடி செத்துப்போன பழைய ஹார்டு டிஸ்க் ஒண்ணை லோடுக்கு மாட்டி, செவப்புல 5, மஞ்சள்ல 12 வோல்ட் வருதான்னு அளந்துடுங்க. சிஆர்டி மானிட்டரை மட்டும் திறக்கவே வேண்டாம், உள்ள ஆயிரக்கணக்கான வோல்ட், ஆஃப் பண்ணதுக்கு அப்புறமும் தேங்கி நிக்கும்.

முதல் தடவை ஆன் பண்ணும்போது ப்ராசஸர், ரேம், விஜிஏ கார்டு, ஸ்பீக்கர் மட்டும். பீப் சத்தமா வந்து ஸ்க்ரீன் வரலன்னா ரேமையும் கார்டையும் கழட்டி காண்டாக்ட்டை பென்சில் ரப்பரால தேய்ச்சு மறுபடி மாட்டுங்க, பாதி கேஸ் இதுலயே தீந்துடும்.

ஹார்டு டிஸ்க் சுத்துச்சுன்னா உடனே ஒரு இமேஜ், அதாவது டிஸ்க்கை அப்படியே முழு நகல், எடுத்து வைங்க, நாளைக்கு சுத்தும்னு நிச்சயம் இல்ல. உள்ள யாரோட கடிதமோ கணக்கோ இருக்கலாம், தெரிஞ்சவங்க பெட்டின்னா அவங்ககிட்ட குடுத்துடுங்க. பாமினி மாதிரி யூனிகோடுக்கு முந்தின தமிழ் ஃபான்ட்ல அடிச்ச ஃபைலை இப்போ திறந்தா தமிழ்ங்கிற வார்த்தையே ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன்னுதான் தெரியும், கெட்டுப்போச்சுன்னு அழிச்சுடாதீங்க, யூனிகோடுக்கு மாத்துற கன்வெர்ட்டர் இருக்கு. டிஸ்க் செத்திருந்தா பழைய கேமராவுக்குப் போடுற சிஎஃப் கார்டையும் அதை ஹார்டு டிஸ்க் கேபிள்ல மாட்டுற ஒரு ஐடிஇ அடாப்டரையும் போடுங்க, சத்தமே இல்லாம ஓடும். 486 பயாஸ் நிறைய 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டருக்கு மேல எண்ணாது, அதாவது 528 எம்பி, அதனால 512 எம்பி கார்டே போதும். ஃப்ளாப்பி டிரைவ் செத்திருந்தா அதுக்குப் பதிலா மாட்டுற கோடெக் (Gotek) பெட்டி வாங்கி பென் டிரைவ்ல வேலைய முடிங்க.

மஞ்சளாப் போன கேபினெட்டுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீம் தடவி வெயில்ல வைப்பாங்க, நம்ம ஊர் வெயிலுக்கு சீக்கிரமே வெளுக்கும், திட்டுத் திட்டாவும் வெளுக்கும். நான் பண்றதில்ல, திரும்பவும் மஞ்சளாகுது, எதுக்கு.

பெட்டியே கிடைக்கலன்னா பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற 86பாக்ஸ்ங்கிற சாஃப்ட்வேர் இருக்கு, லேப்டாப்லயே போர்டு, விஜிஏ கார்டு, சவுண்ட் கார்டுன்னு ஒவ்வொண்ணா பொறுக்கி ஒரு 486 கட்டலாம். நெஜப் பெட்டி வெச்சிருக்குறவங்களும் டாஸ் இன்ஸ்டாலேஷன், சவுண்ட் பிளாஸ்டர் சவுண்ட் கார்டு செட்டிங் எல்லாம் அதுல ஒத்திகை பாத்துட்டு வந்தா நல்லது, அட்ரஸ் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1-ன்னு கைக்குப் பழகிடும்.

அப்புறம் முன்னாடி ஸ்பீடு காட்டுற அந்த பச்சை நம்பர், அது எதையும் அளக்கல, பின்னாடி ஜம்பர் (பின் மேல மாட்டுற சின்ன க்ளிப்) எப்படி வெச்சிருக்கோ அதைக் காட்டும், அவ்வளவுதான். எங்க வீட்டுப் பெட்டியில உள்ள இருக்கிறது 33 மெகாஹெர்ட்ஸ் சிப்பு, வெளிய 99, பொண்ணு வெச்சது.