ஊருக்குப் போகும் வழியில் போத்தலைத் திறக்காதீர்கள்

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாக் காலம் வந்தால் பாரிஸ், சூரிச், லண்டன், ரொறன்ரோ என்று எல்லாத் திசைகளிலிருந்தும் குடும்பங்கள் ஊருக்கு வருகின்றன. விசா, விமானச் சீட்டு, பிள்ளைகளுக்கு நுளம்புக்கடி மருந்து என்று புறப்படுமுன் எல்லாவற்றையும் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். வரும் வழியில் வரியில்லாக் கடையில் வாங்கிய போத்தலை எங்கே திறக்கலாம், எங்கே திறக்கக்கூடாது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் என் பதில் இதுதான்: போய்ச் சேரும் வீட்டின் படலையைத் தாண்டும்வரை அது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ரயில், பஸ், வாடகை வான், தீவுப் படகு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

நாம் வாழும் நாடுகளில் பழக்கம் பலவிதம். ஜெர்மனியில் நெடுந்தூர ரயிலின் உணவகப் பெட்டியிலேயே பியர் விற்கிறார்கள். லண்டனிலோ நிலக்கீழ் ரயிலிலும் பஸ்ஸிலும் குடிப்பதும், திறந்த மதுப் போத்தலோடு பயணிப்பதும் 2008 ஜூன் 1 முதல் தடை. இலங்கையின் ரயிலிலோ பஸ்ஸிலோ மது அருந்த இடமில்லை. திறந்த போத்தல் ஒன்று கையில் இருந்தாலே வம்புதான். பொது இடத்தில் குடிபோதையில் தகாத முறையில் நடப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். பொதுப் போக்குவரத்தில் புகைப்பதும் தடை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இவை எதிலிருந்தும் விலக்குத் தராது.

பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது வயது எல்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ புகைப்பொருளோ விற்க முடியாது. ஜெர்மனியிலும் சுவிஸிலும் 16 வயதில் பியர் வாங்கலாம், பிரித்தானியாவில் 18 வயதில் வாங்கலாம். அங்கே வளர்ந்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு தானாகத் தெரியாது. பெண்கள் மது வாங்குவதைத் தடுக்கும் பழைய விதியும் இருக்கிறது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் செய்தார். எனக்கு அந்த விதியில் உடன்பாடு இல்லை. ஆனால் கடை வாசலில் நின்று வாதாடும் இடத்தில் உங்கள் மகளைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

போயா நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது. மதுக்கடைகள் பூட்டியிருக்கும், உணவகங்களிலும் கிடைக்காது. வெசாக்கை ஒட்டி இரண்டு நாட்கள் பூட்டுவார்கள். இந்த நாட்களில் யாராவது கசிப்பு இருக்கிறது, வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றால் தொடவே தொடாதீர்கள். களவாகக் காய்ச்சுவதில் என்ன கலந்திருக்கிறது என்று குடித்த பிறகுதான் தெரியவரும். கள் குடிக்கும் ஆசை இருந்தால் தவறணைக்குப் போங்கள், ஊரவரோடு இருந்து குடியுங்கள், நடந்து வீடு திரும்புங்கள். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

இனி இரவுப் பஸ். புலம்பெயர்ந்தோரால் அதிகம் தொல்லை விளைவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இரவு ஏறினால் விடியும்போது யாழ்ப்பாணம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பெரும்பாலான பஸ்களில் கழிப்பறை இல்லை; வழியில் ஓரிரு இடங்களில்தான் நிறுத்துவார்கள். குளிரூட்டிய பஸ் என்றால் கண்ணாடிகள் மூடியிருக்கும். இப்படி ஒரு பெட்டிக்குள் ஒருவர் குடித்துவிட்டு ஏறினால் அந்த நாற்றம் ஐம்பது பேருக்கும் சொந்தம். அவர் வாந்தி எடுத்தால் அதுவும் அப்படியே. அவருக்குச் சிறுநீர் முட்டினால் காட்டுப் பகுதியில், இருட்டில், வண்டியை நிறுத்தச் சொல்லிச் சத்தம் போடுவார்.

அந்தப் பஸ்ஸில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மகரகம புற்றுநோய் மருத்துவமனையில் மருந்தேற்றிக்கொண்டு ஊர் திரும்பும் நோயாளி. கடவுச்சீட்டு அலுவலாகக் கொழும்பு வந்து, லொட்ஜில் தங்கக் காசில்லாமல் அன்றிரவே திரும்பும் தாய். விடுமுறைக்குப் போகும் பல்கலைக்கழகப் பிள்ளைகள். இவர்களில் யாருக்கும் அது உல்லாசப் பயணம் இல்லை. போருக்குப் பின் வடக்கில் குடியால் சிதைந்த வீடுகள் எத்தனையோ. வீட்டில் குடிகாரனுக்குப் பயந்து வாழும் பெண் ஒருத்தி, பஸ்ஸிலும் அந்த வாடைக்குப் பக்கத்தில் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டுமா?

ஒருமுறை நான் வந்த இரவுப் பஸ்ஸில், தேநீருக்கு நிறுத்திய இடத்தில் மூன்று பேர் பின்னால் போய்க் குடித்துவிட்டு ஏறினார்கள். பேச்சிலேயே எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தது. பாட்டை உரக்கப் போட்டார்கள். முன் ஆசனத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். நடத்துநர் வந்து, "அண்ணை, கொஞ்சம் குறையுங்கோ" என்று கெஞ்சுகிற குரலில் சொல்லிவிட்டுப் போனார். உள்ளூர்ப் பெடியன் ஒருவன் அப்படிச் செய்திருந்தால் அடுத்த சந்தியில் இறக்கிவிட்டிருப்பார். வெளிநாட்டுக்காரர், காசுள்ளவர், நாளைக்கும் வரக்கூடியவர் என்பதால் அவர் பொறுத்துக்கொண்டார். அந்தப் பொறுமையை மரியாதை என்று எடுத்துக்கொள்கிறோமே, அதுதான் எனக்கு ஆத்திரம். பக்கத்தில் இப்படி ஒருவர் இருந்தால் நீங்கள் பேசுங்கள். நம்மில் ஒருவர் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். நடத்துநர் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

பஸ்ஸில் வேறு சில வழக்கங்களும் உண்டு. முன் ஆசனங்கள் மதகுருமாருக்கும், கர்ப்பிணிகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கப்பட்டவை. பிக்கு ஒருவர் ஏறினால் எழுந்து இடம் கொடுங்கள். அவருக்குப் பக்கத்தில் பெண்கள் அமர்வதில்லை. செருப்போடு காலைத் தூக்கி முன் இருக்கையில் வைக்காதீர்கள். சில்லறைத் தாள்களை வைத்திருங்கள். 5000 ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துநர் மீதிக்கு எங்கே போவார்? ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் வண்டி நின்றால் எரிச்சல்படாதீர்கள். சாரதி இறங்கிக் கும்பிட்டுவிட்டு வருவார், நீங்களும் இறங்கிக் கச்சான் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயில் இதைவிட வசதி. கொழும்பு கோட்டையிலிருந்து காங்கேசன்துறை வரை போகிறது. 1990இல் நின்ற யாழ்ப்பாணச் சேவை 2014 ஒக்டோபரில் மீண்டது. எழும்பி நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது. முதியவர்களோடும் குழந்தைகளோடும் வருபவர்களுக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன். திருவிழாக் காலத்தில் ஆசனங்கள் விரைவில் தீர்ந்துவிடுவதால் முன்பதிவு தொடங்கும் நாளிலேயே பதிந்துவிடுங்கள். குடித்துவிட்டு மிதிபலகையில் தொங்கிப் படம் எடுப்பது உயிரோடு விளையாடுவது. கதவு திறந்தே இருக்கும், ரயில் ஆடும், கம்பமும் பாலமும் தண்டவாளத்துக்கு மிக அருகில் வரும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்று ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொல்கிறது. பொறுத்துப் போக வேண்டியதில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இதைக் குற்றமாக்குகிறது. சத்தமாகச் சொல்லுங்கள், நடத்துநரைக் கூப்பிடுங்கள், இருக்கையை மாற்றித் தரச் சொல்லுங்கள். இரவுப் பஸ்ஸில் பதியும்போதே பெண் பயணிக்குப் பக்கத்து ஆசனம் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

வாடகை வான் பிடிப்பவர்கள் சாரதியை மறக்காதீர்கள். அவருக்கு அன்பாக ஒரு போத்தல் கொடுப்பது நம்மவரிடம் பெரிய பழக்கம். கொடுக்க விரும்பினால் பயணம் முற்றாக முடிந்து, அவர் தன் வீட்டுக்குப் போகும் நாளில் கொடுங்கள். நடுவில் கொடுத்தால் மறுநாள் காலை திருக்கோணேஸ்வரத்துக்கு உங்கள் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர் அதே மனிதர்தான். இரவு படுக்க அவருக்கு ஒழுங்கான இடமும் வேளைக்குச் சாப்பாடும் கொடுங்கள். அது போத்தலைவிடப் பெரிய உபகாரம். நீங்களே ஓட்டுவதாக இருந்தால், வெளிநாட்டு ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே போதாது, இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதியும் வேண்டும். இரத்தத்தில் மதுவின் எல்லை 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம். நோர்வேயில் 20, ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் 50. இங்கே எல்லை கூட என்று கணக்குப் பார்த்துக் குடித்துவிட்டு ஓட்டாதீர்கள். விளக்கில்லாத சைக்கிளும், வீதியில் படுத்திருக்கும் மாடும், நாயும் உள்ள ஊர் இது.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறும்போது குடித்திருக்கவே கூடாது. நயினாதீவுக்குப் போவோரில் பெரும்பாலானோர் நாகபூசணி அம்மனிடமோ நாகவிகாரைக்கோ விரதத்தோடு போகிறவர்கள். கடல் கொந்தளிக்கும் நாளில் நிதானம் இல்லாதவர் தனக்கும் ஆபத்து, படகுக்கும் ஆபத்து. உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

சென்னை வழியாக வருபவர்கள் இந்திய ரயிலிலும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம் 145ஆம் பிரிவின்படி போதையில் இருப்பவரை இறக்கிவிடலாம். ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். விமானத்திலும் சொந்தப் போத்தலைத் திறக்கக்கூடாது. பணியாளர் ஊற்றித் தருவதை மட்டும்தான் குடிக்கலாம்.

இந்த எண்களைக் கைபேசியில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் 119. இலவச அம்புலன்ஸ் 1990. பஸ் தொடர்பான முறைப்பாட்டுக்குத் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு 1955. பெண்களுக்கான உதவி 1938. முறையிடும்போது பஸ்ஸின் இலக்கமும், ஏறிய இடமும், நேரமும் கேட்பார்கள். ஏறியவுடன் டிக்கெட்டை ஒரு படம் எடுத்துவைத்தால் அவை கையோடு இருக்கும்.