ஒரே மத்தி, மூன்று புளிப்பு: ஸ்வீடன், ஜமைக்கா, செனகல் சமையலை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

ஆப்பிரிக்கச் சமையலையும் ஸ்வீடன் சமையலையும் ஒப்பிடப் போகிறேன் என்று கிளம்பினால் முதல் அடியிலேயே சறுக்கும். ஒன்று ஐம்பதுக்கும் மேல் நாடுகள் உள்ள கண்டம், இன்னொன்று ஒரே நாடு. அதனால் நீளமான பட்டியல் எல்லாம் வேண்டாம். மூன்று பக்கமும் பொதுவாக இருக்கிற ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மீன், வெங்காயம், புளிப்பு. ஸ்வீடனில் வறுத்த ஸ்ட்ரொம்மிங் மீனை வினிகரில் ஊறப்போடுகிறார்கள், ஜமைக்காவில் எஸ்கோவிச், செனகலில் யாஸ்ஸா. சேர்கிற பொருட்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான், புளிப்பு எப்போது மீனைத் தொடுகிறது என்பதில்தான் எல்லாம் மாறுகிறது.

மீனுக்கு மத்தி போதும். ஸ்ட்ரொம்மிங் என்பது பால்டிக் கடலில் கிடைக்கிற சின்ன ஹெர்ரிங், மத்தியும் அதே குடும்பம்தான். செனகல் கரையில் வலை வலையாக ஏறுகிற யாபோய் இன்னும் நெருங்கிய சொந்தம். ஜமைக்காவில் பெரும்பாலும் சங்கரா மாதிரியான ஸ்னாப்பர் மீனைத்தான் எடுப்பார்கள், ஆனாலும் சின்ன மீனிலும் எஸ்கோவிச் செய்வதுண்டு. ஒன்றரைக் கிலோ வாங்கி மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்வீடன் பங்கை முந்தின நாளே செய்துவிட வேண்டும், அது ஒரு ராத்திரி ஊற வேண்டும். அங்கே வீடுகளில் ஒன்று-இரண்டு-மூன்று என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 1 பங்கு வினிகர், 2 பங்கு சர்க்கரை, 3 பங்கு தண்ணீர். இதை அப்படியே நம் கடை வினிகரில் செய்தால் வெறும் சர்க்கரைத் தண்ணீராகத்தான் இருக்கும், ஏனென்றால் அவர்கள் ஊற்றுகிற எட்டிக்கா என்ற வினிகரில் 12 சதவீதம் அமிலம், நமக்குக் கிடைப்பதில் பெரும்பாலும் 4 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும் (பாட்டிலில் போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்). ஆகவே 3 பங்கு வினிகர், 1 பங்கு தண்ணீர், சர்க்கரை மட்டும் அதே 2 பங்கு. இவ்வளவு சர்க்கரையா என்று கை தயங்கும், குறைக்காதீர்கள், அந்த இனிப்புதான் ஸ்வீடன். சர்க்கரை கரையும்வரை சுடவைத்து, நன்றாக ஆறவிடுங்கள். மீனை முதுகெலும்பு எடுத்து விரித்து, உப்பு போட்டு, நடுவில் சோயிக்கீரை வைத்து மூடி, ரை என்ற தானியத்தின் மாவில் புரட்டி வெண்ணெயில் வறுக்க வேண்டும். ரை இல்லையென்றால் கோதுமை மாவு. மீனும் ஆறின பிறகு வெங்காய வளையம், பிரிஞ்சி இலை, ஏழெட்டு ஆல்ஸ்பைஸ் மணிகளோடு அடுக்கி, ஊறல் நீரை ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அந்த ஆல்ஸ்பைஸ் கரீபியன் பக்கத்து மரத்தின் காய். ஜமைக்காவில் பிமென்டோ என்பார்கள், ஜெர்க் என்கிற, மசாலா தடவிச் சுட்ட இறைச்சிக்கு அதுதான் உயிர். ஸ்வீடன்காரர்கள் கோஃப்தா மாதிரியான இறைச்சி உருண்டையிலிருந்து ஊறல் மீன் வரை அதைப் போடுகிறார்கள். கரீபியனில் செயின்ட் பார்த்தலமி என்ற குட்டித் தீவு 1784 முதல் 1878 வரை ஸ்வீடன் வசம்தான் இருந்தது, தலைநகரின் பெயர் இன்றும் குஸ்டாவியா. அதற்காக ஆல்ஸ்பைஸ் அந்த வழியாகத்தான் போனது என்று கதை கட்டிவிடாதீர்கள், மரம் அடர்ந்து வளர்வது ஜமைக்காவில்.

மறுநாள் எஸ்கோவிச். மீனை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து எடுங்கள். ஒரு கப் வினிகரில் அதே ஆல்ஸ்பைஸ், தைம், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்து, நீளமாக அரிந்த வெங்காயமும் கேரட்டும் ஸ்காட்ச் பானெட் மிளகாயும் சேர்த்து இரண்டே நிமிடத்தில் இறக்கி, சூடாக மீன் மேல் கொட்டுங்கள். காய் கடிபட வேண்டும், வெந்துவிடக் கூடாது. ஸ்காட்ச் பானெட்டுக்கு ஹாபனேரோ சரியான மாற்று. பச்சை மிளகாய் காரம் தரும், அந்தப் பழ வாசனையைத் தராது. ஜமைக்காவில் இது ஈஸ்டர் சமயத்துச் சாப்பாடு, கூடவே மரவள்ளிக்கிழங்கு மாவில் சுட்ட பாமி ரொட்டி.

யாஸ்ஸாவில் வரிசையே தலைகீழ், புளிப்புதான் முதலில். நான்கு பெரிய வெங்காயத்தை அரிந்து, எலுமிச்சைச் சாறு, ஒரு ஸ்பூன் கடுகு பேஸ்ட், பூண்டு, மிளகு, எண்ணெய் சேர்த்து மீனோடு பிசறுங்கள். கோழி என்றால் இரவு முழுக்க விடலாம், மத்திக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், சதை விறைத்துப்போகும். மீனைத் தனியாக எடுத்துக் கரியில் சுட்டு, வெங்காயத்தை மட்டும் சிறுதீயில் பொன்னிறமாகக் குழையும்வரை வதக்கி, மிச்சச் சாறை ஊற்றிக் கொதித்ததும் மீனைச் சேருங்கள். வெங்காயத்தில் அவசரப்பட்டால் பச்சைப் புளிப்பு போகாது. சோற்றோடு சாப்பிட வேண்டியது.

சாப்பிடும்போது ஸ்வீடன் மீனில் தொடங்குங்கள், ஜில்லென்று, அவித்த உருளைக்கிழங்கோடு. காரம் நாக்கில் ஏறிவிட்டால் அப்புறம் அந்த நுட்பமான மணம் தெரியாது. ஸ்வீடன் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்று சொல்கிறவர்கள் இதைச் சாப்பிட்டதில்லை என்றுதான் நினைக்கிறேன். தோல் மெத்தென்றிருக்கும், இனிப்பும் புளிப்பும் உள்சதைவரை இறங்கியிருக்கும். குளிர்காலத்துக்குச் சேமித்துப் பழகிய ஊர் அது. எஸ்கோவிச்சில் புளிப்பு மேலோடு நிற்கிறது, உள்ளே மீன் மீனாகவே இருக்கிறது. யாஸ்ஸாவில் மீனைவிட வெங்காயம்தான் பேசுகிறது.

மிச்சம் இருந்தால், எஸ்கோவிச்சை அன்றே முடித்துவிடுங்கள், மறுநாள் மொறுமொறுப்பு போய்விடும். யாஸ்ஸாவை மறுநாள் சூடு பண்ணினால் இன்னும் ருசி. ஸ்வீடன் மீன் ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், இரண்டாம் நாள்தான் எனக்குப் பிடிக்கும்.