பெட்டியைப் பிரிக்கும் முன் செய்துவைக்க வேண்டிய கருவிகள்: சிறிய அருங்காட்சியகங்களுக்கு ஒரு செய்முறை

கண்காட்சிக்கு இரவலாக லாரியில் பத்திரமாக வந்து சேர்ந்த பொருள், பெட்டியிலிருந்து மேசைக்குப் போகும் ஐந்து நிமிடத்தில் அடிபடுவது உண்டு. எங்கே பிடிப்பது, எங்கே வைப்பது என்று பொருள் கைக்கு வந்த பிறகுதான் பலரும் யோசிக்கிறார்கள். கீழே உள்ள கருவிகள் அந்த யோசனையை முன்கூட்டியே முடித்துவைப்பதற்காக. பெரிய அருங்காட்சியகங்களில் இதற்கென்றே ஆளும் பட்டறையும் இருக்கும். இந்தப் பதிவு கல்லூரி அருங்காட்சியகத்திலும் ஊர்க்காட்சிக்கூடத்திலும் ஒரு பேப்பர் கத்தியோடு நிற்பவர்களுக்கு.

உதாரணத்துக்கு இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்வோம்: கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு தஞ்சாவூர் ஓவியம், திருவாசியோடு (சிலைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் பிரபை) கூடிய ஓரடி உயர வெண்கலச் சிலை.

வாங்க வேண்டியவை

பேக்கிங் சாமான் கடையில் இ.பி.இ. ஃபோம் (பாலிஎத்திலீன் நுரை) என்று கேளுங்கள். வெள்ளையாக, மெத்தென்று, பலகைபோல் கிடைக்கும். 25 மி.மீ. தடிமன் போதும். மெத்தைக்குப் போடும் மஞ்சள் ஸ்பாஞ்ச் வேண்டாம், நாளாக நாளாகப் பொடிந்து பிசுபிசுவென்று ஒட்டும். தெர்மாகோலும் வேண்டாம், அதன் மணிகள் சிலையின் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சிலையைத் தூக்கும் தட்டின் அடித்தளத்துக்கு, விளம்பரப் பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் சன்பேக் ஷீட் (உள்ளே வரிவரியாகக் குழல் ஓடும் பிளாஸ்டிக் பலகை). போர்த்துவதற்கு சாயம் போடாத மல் துணி அல்லது காடாத்துணி. துணியை வெந்நீரில் இரண்டு முறை அலசி, கஞ்சி போனபின் காயவையுங்கள். வாசனை திரவம் எதுவும் சேர்க்க வேண்டாம். இவற்றோடு ஓர் அங்குல அகலப் பருத்தி நாடா, ஹாட் க்ளூ கன், நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை. ஃபெவிகால் இந்த ஃபோமில் பிடிக்காது, காய்ந்ததும் தோலாக உரிந்து வந்துவிடும்.

வீட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் தாளைப் பயன்படுத்தலாமா என்று சந்தேகம் வந்தால், ஒரு துண்டு வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் மேலே வந்துவிடும். உலோகத்தைக் கெடுக்கக்கூடிய பி.வி.சி. மூழ்கும். மூழ்குவதை ஒதுக்கிவிடுங்கள். (ஃபோமுக்கு இந்தச் சோதனை செல்லாது, ஃபோம் எதுவானாலும் மிதக்கும்.) பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் கொண்டுவந்த சோதனை இதைவிடக் கறாரானது. சந்தேகப் பொருளோடு வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளையும் கொஞ்சம் ஈரத்தையும் மூடிய குப்பியில் வைத்து, 60 டிகிரியில் 28 நாள் விட்டு, எந்த உலோகம் நிறம் மாறுகிறது அல்லது அரிக்கப்படுகிறது என்று பார்ப்பார்கள். சில மணி நேரம் மட்டுமே பொருளைத் தொடப்போகும் கருவிகளுக்கு நம் தண்ணீர் வாளியே போதும்.

படி 1: ஆழம் போகாத கத்தி

ஸ்நாப் பிளேடில் (பேப்பர் கத்தியின் துண்டு துண்டாக உடையும் பிளேடு) ஒரு துண்டை இடுக்கியால் உடையுங்கள். இரண்டு ஐஸ்கிரீம் குச்சிகளுக்கு நடுவே வைத்து, முனை 2 மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி இறுக்கமாக டேப் சுற்றுங்கள். பேக்கிங் டேப்பை வெட்ட இது தாராளம், அழுத்தினாலும் குச்சியின் விளிம்பு தடுத்துவிடும்.

இதற்குத் துணையாகப் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். வெட்டும்போது டேப்புக்கு அடியில் இதைச் செருகி, பட்டையின் மேல்தான் கத்தி ஓட வேண்டும்.

படி 2: தாங்கு கட்டைகள்

சட்டமிட்ட படத்தைத் தரையில் நேராக வைக்கக் கூடாது. ஓரடி நீளமுள்ள இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஃபோம் ஒட்டி, துணி சுற்றி, அடியில் வழுக்காத ரப்பர் பாய் ஒட்டுங்கள். அவ்வளவுதான். ரப்பர் பக்கம் தரையைப் பார்க்கட்டும், படத்தை அது தொட வேண்டாம்.

படி 3: தூக்குத் தட்டு

நேரம் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான். சிலை வருவதற்கு முன்பே தட்டு தயாராக இருக்க வேண்டும். அதனால் நீளம், அகலம், எடை மூன்றையும் அனுப்புகிறவரிடம் கேட்டு வாங்குங்கள். எடையை மட்டும் கண்மதிப்பில் விடாதீர்கள். ஒரு லிட்டர் கன அளவுள்ள வெண்கலம் எட்டு கிலோவுக்கு மேல் இருக்கும்.

சன்பேக் ஷீட்டில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றின் வரிகள் மற்றதற்குக் குறுக்கே போகும்படி ஒட்டுங்கள். ஒரே திசையில் ஒட்டினால் தட்டு நடுவில் மடியும். மேலே ஒரு முழு ஃபோம் பலகை. அதன்மேல் நடுவில் பள்ளம் வெட்டிய இன்னொன்று. பள்ளம் சிலையைவிட நாலாபக்கமும் 3 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். சிலையின் உருவத்துக்கே அச்சாக வெட்ட வேண்டாம், விரல் நுழைய இடம் இருக்காது.

துணி போர்த்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பள்ளத்தின் ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, ஃபோமில் பாதி ஆழத்துக்குச் சுற்றிலும் கீறுங்கள். துணியைப் பள்ளத்துக்குள் தளர்வாக விட்டு, அதன் ஓரத்தை எஃகு ஸ்கேலால் அந்தக் கீறலுக்குள் குத்தித் தள்ளுங்கள். ஃபோம் தானாகவே கவ்விக்கொள்ளும். பசை வேண்டாம், அழுக்கானால் உருவித் துவைக்கலாம். மூலைகளில் துணி சுருங்கி மடிப்பு விழுந்தால் உருவி மறுபடி செருகுங்கள். சிலையின் நகை விளிம்பும் விரல் நுனியும் மாட்டுவது அந்த மடிப்பில்தான்.

மிச்ச ஃபோமில் முக்கோண ஆப்புகள் ஏழெட்டு வெட்டித் துணி சுற்றி வையுங்கள். சிலையைப் படுக்கவைத்த பின் இடைவெளிகளில் இவற்றை மெதுவாகச் செருகினால் அசையாது. கடைசியாக, நாடாவைத் தட்டின் அடியில் இரண்டு இடங்களில் குறுக்கே ஓடவிட்டு, நான்கு முனைகளையும் கைப்பிடி வளையமாகத் தையுங்கள், ஒட்ட வேண்டாம்.

சோதனை: சிலையின் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்குத் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, இரண்டு பேர் பிடித்து அறையைச் சுற்றி வாருங்கள். தட்டு வளைந்தால் இன்னொரு ஷீட் சேருங்கள்.

படி 4: பிரிப்பது

பெட்டி வந்ததும் திறக்க மனம் பரபரக்கும். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். ஏசி வண்டியில் வந்த வெண்கலத்தைப் புழுக்கமான அறையில் உடனே திறந்தால் வேர்த்துவிடும். அறைச் சூட்டுக்கு வந்தபின், அம்புக்குறி மேலே இருக்கிறதா என்று பார்த்து, திருகாணிகளைக் கழற்றுங்கள். கடப்பாரை வேண்டாம். ஒவ்வோர் அடுக்கையும் எடுக்கும் முன் ஒரு படம் எடுங்கள், திருப்பி அனுப்பும்போது அதுதான் வழிகாட்டி.

சிலைக்கு நைட்ரைல் கையுறை கட்டாயம். வியர்வையின் உப்பில் இருக்கும் குளோரைடு வெண்கலத்தை அரிக்கும். பருத்திக் கையுறை வழுக்கும். திருவாசியையோ கையையோ பிடித்துத் தூக்காதீர்கள். திருவாசி பெரும்பாலும் தனியாக மாட்டப்பட்ட ஒன்று. ஒரு கை பீடத்துக்கு அடியில், ஒரு கை முதுகில். தட்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், சிலை கையில் இருக்கும் தூரம் ஓர் அடியைத் தாண்டக் கூடாது.

ஓவியத்துக்கு ஒரு கை கீழ்ச்சட்டத்தில், ஒரு கை பக்கவாட்டில். மேல்சட்டமும் பின்னால் இருக்கும் கம்பியும் பிடிக்க அல்ல. பலாப்பலகையில் வரைந்த பழைய படங்கள் பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும், பெரிய படமென்றால் இருவர் தேவை. உடைந்தால் சிதறாமல் இருக்கக் கண்ணாடியில் டேப் ஒட்டியிருப்பார்கள். படத்தைத் தாங்கு கட்டைகளில் வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, டேப்பை அதன்மேலேயே மடக்கி மெல்ல உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் சுண்ணப்பொடியில் எழுப்பிய தங்கரேக்கு வேலை அதிரும், கல்லும் உதிரலாம்.

காலிப் பெட்டியை உடனே குப்பைக்கு அனுப்பாதீர்கள். ஒரு வெள்ளைத் துணி விரித்து, சுற்றியிருந்த ஒவ்வொன்றையும் அதன்மேல் உதறிப் பாருங்கள். உதிர்ந்த கல், ரேக்குத் துணுக்கு ஏதாவது கிடைத்தால் சிறு ஜிப் கவரில் போட்டு, எந்தப் பொருளுடையது, எந்த நாள் என்று எழுதி, படமும் எடுத்து வையுங்கள். மறுபடி பேக் செய்யும்போது ஒவ்வொரு டேப் முனையையும் அரை அங்குலம் உள்ளே மடித்து ஒட்டுங்கள். அடுத்து பிரிக்கிறவர் கத்தியே எடுக்க வேண்டியிருக்காது.