உப்புக்காற்றிலும் காமிக்ஸ் கெடாதிருக்க

எனக்குப் பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸே உயர்ந்தவை; பெரும்பாலும் ஒரே இதழில் கதை முடிந்துவிடும். இன்றையவற்றில் ஓவியம் கண்ணைப் பறிக்கிறது, கதையோ மாதக்கணக்கில் இழுபடுகிறது. இருந்தாலும் இரண்டையும் காக்க வேண்டும், வெவ்வேறு விதமாக.

1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கிய காலத்து இதழ்கள் உங்களிடம் இருந்தால் அவை பொக்கிஷம். மலிவான பத்திரிகைத் தாளிலுள்ள அமிலமே அதை மஞ்சளாக்கி நொறுக்கும்; வெயில் பட்டால் இன்னும் விரைவாக. அமிலமற்ற அட்டையோடு பொலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் உறையில் இடுங்கள். பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறை வேண்டவே வேண்டாம்!

புதிய வழவழப்புத் தாளுக்கு ஈரமே எதிரி. ஒட்டிய பக்கங்களைப் பிரித்தால் மை உரிந்துவிடும். திருகோணமலையில் வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன்னே மூடிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிலத்தில் படாமல் இதழ்களை நிமிர்த்தி வையுங்கள்.